மளிகைக் கணக்கில் எழுதிய துணி

(மகளிர் தினக் கூட்டத்தில், நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"உங்க பொழுதுபோக்கைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க மேடம்" என்று செயலாளர் சார் கேட்டார். பழைய துணியில் பை தைப்பது எப்படி, மிச்சத் துணியில் மிதியடி செய்வது எப்படி என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். தைப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் எப்படித் தைப்பது என்று அல்ல. அதற்காக நான் போட்ட காசையும் நேரத்தையும் நினைத்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைச் சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் மேடைக்கு வந்திருக்கிறேன்.

நான் தைப்பது குவில்ட். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த விரிப்பு, நடுவில் ஒரு பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் குவில்ட். கேட்கச் சுலபமாக இருக்கும். இரட்டைக் கட்டிலுக்கு 90 அங்குல அகலம், 108 அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலச் சதுரமாகப் போட்டால் 270 சதுரம். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். ஒரு சதுரம் நூலளவு நகர்ந்தாலும் கடைசி வரிசையில் அது அரை அங்குலமாக வந்து நிற்கும். எனக்கு ஒரு பெரிய குவில்ட் முடிக்கச் சுமார் 80 மணி நேரம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மெஷின் சத்தம் கேட்டுப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டுக்காரர்களுக்கு இந்த மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

2016-இல் என் மகள் வேலைக்குப் போன வருஷம் ஒரு உஷா ஜனோம் மின் தையல் மெஷின் வாங்கினேன். ஜாக்கெட் தைத்தால் தையல் கூலி மிச்சம் என்று சொல்லித்தான் வாங்கினேன். மொத்தம் நாலு ஜாக்கெட் தைத்திருப்பேன். அதில் இரண்டுக்குக் கை ஏறவில்லை.

அப்போது என் மாமியார் எங்களோடு இருந்தார். நான் புதுத் துணியைத் தரையில் விரித்து வெட்டுவதைக் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, காசு குடுத்து நல்ல துணியை வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுபடி ஒண்ணாத் தைக்கிறியே, இது என்ன பைத்தியம்?"

திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. என் மகள் பிறந்தபோது தம்முடைய பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, குழந்தைக்கு விரிப்புத் தைத்துக் கொடுத்தவர் அவர். அதற்கு ஊசி நூல் தவிர ஒரு பைசா செலவில்லை. என்னிடம் இருப்பதோ வட்டக் கத்தி, அதற்கென்று ஒரு பாய், கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கேல், தனியாகப் பஞ்சு. அவர் தைத்ததும் நான் தைப்பதும் ஒன்றுதான் என்று எந்த வாயால் சொல்வேன்?

பதில் சொல்லத் தெரியாதபோது மனிதர்கள் ஒளிக்க ஆரம்பிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போனால் காய்கறிப் பையில் கீழே துணி, மேலே கீரை. வீடு வந்ததும் லாஃப்டில் இருந்த பழைய வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். கணக்கு நோட்டில் "மளிகை – 850" என்று எழுதுவேன். அதில் 600 துணி. அடுத்த மாதம் "மளிகை – 1,100". எங்கள் வீட்டில் நான்தான் நோட்டு எழுதுவேன், அவர் மாதக் கடைசியில் கூட்டல் மட்டும் பார்ப்பார். கூட்டல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

2019 ஜனவரியில் நம் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் என்று ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. வீட்டில் வடபழனி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். சுவர் சுவராகத் தொங்கவிட்டிருந்த குவில்ட்டுகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றது ஒருபுறம். அங்கே இரண்டு சொல் கற்றுக்கொண்டேன். சேர்த்து வைத்திருக்கும் துணிக்கு 'ஸ்டாஷ்' என்று பெயர். ஆரம்பித்து முடிக்காமல் கிடப்பவற்றுக்கு 'யு.எஃப்.ஓ.', முடியாத உருப்படிகள் என்பதன் சுருக்கம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஸ்டாஷை எங்கே ஒளிப்பது என்பது உலகமெங்கும் குவில்ட் தைக்கும் பெண்களின் பழைய ஜோக்காம். என் பக்கத்தில் நின்ற அம்மா அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. கோயில் பிரசாதம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாட்டிக்கொண்டது 2022 ஆடி மாதம். கேஸ் கனெக்‌ஷன் புத்தகம் தேடி அவர் லாஃப்டில் ஏறினார். மேலே இருந்து சத்தமே இல்லை. பிறகு அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் மணலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கோபம் வந்தாலும் ஸ்டாக் எடுக்காமல் விடமாட்டார். டேப்பைக் கொண்டுவந்து, ஒவ்வொரு துணியாக அளந்து, ஒரு தாளில் எழுதினார். 61 மீட்டர் 40 சென்டிமீட்டர். மீட்டர் இருநூறு ரூபாய் என்று வைத்தாலே 12,280 ரூபாய். அதுவும் வெட்டாத துணி மட்டும்.

பிறகு கேட்டார்: "மளிகைனு எழுதினது இதுதானா?"

நான் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுச் செலவு ஏறிக்கிட்டே போகுதேன்னுதான் பல் கட்டுறதைத் தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்" என்றார்.

அவருக்குக் கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பல் எடுத்திருந்தது. பல் கட்ட ஒன்றரை வருஷமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "அவசரமில்லை, பார்த்துக்கலாம்" என்பார். நானும் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் இந்த மாதிரிக் கூட்டங்களில், "பெண்களே, குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள், உங்களுக்காகவும் வாழுங்கள்" என்று பேசிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. என் உறுத்தலில் ஒரு பங்கு நியாயமானது. நான் குவில்ட் தைத்தது தப்பில்லை. ஆனால் தப்பான கணக்கை நம்பி இன்னொருவர் தம் தேவையைக் குறைத்துக்கொண்டார். அதை எப்படி விட்டுவிடுவது?

நேரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மாமியார் 2020-இல் காலமானார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குப் பெரிய வேலை எதுவும் நான் செய்ய வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் போதும். "கொஞ்சம் இங்க வாயேன்" என்பார். நான் மெஷினில் இருந்து, "ஒரு நிமிஷம் அத்தை" என்பேன். வரிசை முடியட்டும் என்று நினைப்பேன். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. எத்தனை ஒரு நிமிஷம் என்று நான் நோட்டில் எழுதவில்லை.

இதெல்லாம் என் பங்கு. இனி மற்றவர்கள் என் தலையில் வைத்த பங்கு.

சார்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஐ.பி.எல்.-இல் 2025 சீசனில் 74 ஆட்டம். ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரம் என்றால் 259 மணி நேரம். மூன்று பெரிய குவில்ட்டுக்கு மேல். எல்லாரும் எல்லா ஆட்டமும் பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும் ஆணிடம், "இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? நான் மெஷினை விட்டு எழுந்தால் என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன். சும்மா இருக்கும் நேரமும் ஏதாவது ஒரு விதத்தில் வீட்டுக்கு உதவ வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழகிவிட்டது. வெற்றுக் கையோடு உட்காராதே, பூவாவது கட்டு என்பார்கள்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் போன பிறகுதான் அதற்குப் பதில் தேடினேன்.

அவர் தைத்த மாதிரிப் பழந்துணி விரிப்பு நம் நாடு முழுக்க உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி. நம் பக்கத்து மாநிலம் கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதிகளில் சித்தி என்ற சமூகத்தார் இருக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். கிழிந்த புடவை, சட்டை, எது கிடைத்தாலும் அதில் தைப்பார்கள். ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். நாலு மூலையிலும் துணியைச் சின்ன முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர். பூ. அது இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்.

அந்தப் பூவால் ஒரு சொட்டுக் குளிர்கூடக் குறையாது. கூலி வேலை முடித்து வந்து, கந்தலை வைத்துத் தைக்கிற ஒருத்திக்கு அந்தப் பூ எதற்கு? இதைப் படித்தபோது மாமியார் தைத்த விரிப்பை எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பச்சை நூலில் குறுக்குத் தையல் ஓடுகிறது. ஒரு மூலையில் மட்டும் சிவப்பு நூலில் ஒரு சின்ன மாங்காய். அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அவருக்கும் ஒரு பூலா தேவைப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேத்திகள் அங்கே கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளை ஓவியம் மாதிரிச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன.

"அதெல்லாம் பழந்துணி, நீ புதுசை இல்ல வெட்டுறே" என்று மாமியார் விடமாட்டார். அதற்கும் ஒரு பதில் கிடைத்தது, நம் ஊர்த் துணியிலேயே. நாம் இருக்கும் இந்த வட சென்னை துணியால் வளர்ந்த இடம். வண்ணாரப்பேட்டை கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். திருவொற்றியூர் பக்கம் மெட்ரோ ஸ்டேஷன் பெயராக இன்று நாம் பார்க்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கோட்டையில் கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை. மெட்ராஸ் என்ற பெயரைச் சுமந்துகொண்டு கட்டம் போட்ட கைத்தறித் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. அங்கே நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கலபாரி மக்கள் அந்தத் துணியை அப்படியே கட்டிக்கொள்ளவில்லை. பிளேடு, கத்தியால் நூல்களை ஒவ்வொன்றாக வெட்டி உருவி, அதில் வேறொரு கோலத்தை உண்டாக்கினார்கள். கப்பலில் வந்த நல்ல துணியை உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள்! அப்படி வெட்டிய துணிக்குத்தான் அவர்களிடம் மரியாதை அதிகம்.

அத்தை இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். "அவங்களுக்கும் பைத்தியம்தான்" என்றிருப்பார்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும், "அம்மா, வித்துடு, இன்ஸ்டாகிராமில் போடறேன்" என்றாள். உறுத்தல் தீர அது நல்ல வழியாகப் பட்டது. காசு வந்தால் பொழுதுபோக்கு தொழிலாகிவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பெரிய குவில்ட்டுக்குக் கணக்குப் போட்டோம். மேல்துணி 1,350. அடித்துணி 980. பஞ்சு 1,120. நூல் 200. ஆக 3,650 ரூபாய். 5,000-க்கு ஒன்று விற்றது. மிச்சம் 1,350. எண்பது மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 17 ரூபாய்கூட முழுதாக இல்லை. அது போகட்டும். வாங்கியவர் வாட்ஸ்அப்பில் கலர் மாற்றச் சொன்னார், சீக்கிரம் கேட்டார். எனக்குப் பிடிக்காத ஊதாவில் ஒன்றரை மாதம் தைத்தேன். முடித்த அன்று நிம்மதியாக இருந்தது. வேறெந்தக் குவில்ட்டையும் முடித்ததற்காக நான் நிம்மதி அடைந்ததில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

விற்பதற்கு மனசு வராத தையலுக்கு நம் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2005-இல், ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற அமைப்பு மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் சின்னப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. கொடுப்பதற்கு மட்டும்தான்.

தைப்பது மனசுக்கு நல்லது என்றும் ஒரு சாக்கு உண்டு. கிளாஸ்கோவில் குவில்ட் தைப்பவர்களிடம் பேசி 2012-இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் பிடித்ததைச் செய்ய எனக்கு ஏன் மருந்துச் சீட்டு வேண்டும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி, கரண்ட் இல்லாமல், எங்கள் வீட்டில் மட்டும் பதினொரு பேர் தங்கினோம். பீரோவில் இருந்த ஏழு குவில்ட்டும் வெளியே வந்தன. ஐந்து மாதம் தைத்த சிவப்பு வெள்ளைக் குவில்ட்டை ஒரு பாட்டி ஈரத்தரையில் நாலாக மடித்துப் போட்டு, மேலே பேரனைப் படுக்கவைத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, பொய் சொல்லமாட்டேன். தண்ணீர் வடிந்து பார்த்தால் சிவப்புச் சாயம் ஓடி வெள்ளைச் சதுரமெல்லாம் இளஞ்சிவப்பு. "அக்கா, நீங்க தைச்சது அன்னைக்கு எவ்வளவு உதவிச்சு" என்று இன்றும் சொல்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அன்றைக்கு உறுத்தல் பூராவும் போயும்விட்டது. ஆனால் ஒரு வாரத்தில் யோசித்தேன். வெள்ளம் வந்தால்தான் நான் தைத்தது சரி, வராவிட்டால் தப்பா? அப்படியென்றால் நான் இனி ஒவ்வொரு மழைக்கும் காத்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு நோட்டில் "துணி" என்று ஒரு தனிப் பத்தி இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய். அதற்கு மேல் போனால் அடுத்த மாதத்தில் கழியும். போன ஆடித் தள்ளுபடியில் 640 அதிகமாகப் போனது, அதையும் அப்படியே எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை முதல்முறை எழுதியபோது கை கூசியது. இப்போது கூசுவதில்லை. பக்கத்திலேயே அவர் கையெழுத்தில் இன்னொரு பத்தி வந்திருக்கிறது: "மீன் தொட்டி". பல் கட்டியாகிவிட்டது. முறுக்கு சாப்பிடுகிறார், சத்தம் ஹால் வரை கேட்கிறது.

ராத்திரி தைப்பதில்லை. காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு. யாராவது கூப்பிட்டால் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறேன். வரிசை நடுவில் எழுந்தால் துணி ஓடிப்போகாது என்று ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த 61 மீட்டரில் இன்னும் 38 மீட்டர் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இதே கூடத்தில் இருப்பேன். பழகிப் பார்க்க நினைப்பவர்கள், ஆண்கள் உட்பட, வரலாம். கத்தரிக்கோல் மட்டும் கொண்டுவாருங்கள். துணிக்குக் குறைச்சலில்லை.